பழைய வீட்டை இடிக்கப் போறீங்களா? முதல்ல வெளியே எடுக்க வேண்டியது இதைத்தான்!

திருச்சி, ஸ்ரீரங்கத்தில் பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டை இடிக்க முடிவெடுத்தால், முதலில் நடப்பது விலைப் பேச்சு. தேக்குக் கதவு, உத்திரம், இரும்புக் கம்பி எல்லாவற்றுக்கும் ஒரு ரேட் உண்டு. ஆனால் காசு தேறாத சில பொருட்கள்தான் ஆளையே சாய்ப்பவை. இடிக்கும் முன்பே அவற்றை அகற்ற வேண்டும். ஏன்?

எதெல்லாம் ஆபத்து?

● ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்: முழுசாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். புற்றுநோய் வெளியே தெரிய 10 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம்.

● பழைய பெயின்ட்: ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. சுரண்டும்போது வரும் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

● டியூப் லைட், சிஎஃப்எல் பல்பு: உள்ளே பாதரசம். உடைந்தால் ஆவியாகும்.

கொடைக்கானல் சொல்லும் பாடம்

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. கொடைக்கானலில் இயங்கிய இந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, 2001 மார்ச்சில் ஊருக்குள் காயலான் கடையில் கண்டுபிடிக்கப்பட்டது. மக்கள் போராட, ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. இயந்திரங்களில் ஒட்டியிருந்த பாதரசத்தை நீக்கும் வேலை 2006-ல்தான் நடந்தது. மண்ணைச் சுத்தம் செய்யும் விவகாரம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இழுத்தது. விஷம் ஒருமுறை வெளியே போய்விட்டால், திரும்பப் பிடிப்பது அவ்வளவு கஷ்டம்.

எப்படி அகற்றுவது?

1. கான்ட்ராக்டரோடு வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஆபத்தான பொருட்களைப் பட்டியல் போடுங்கள்.
2. பல்புகளை உடையாமல் கழற்றித் தனி அட்டைப் பெட்டியில் வையுங்கள்.
3. ஷீட்டை நன்றாகத் தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். சம்மட்டி, கட்டர் கூடவே கூடாது.
4. கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டுங்கள். தரையை ஈரத்துணியால் துடைக்கவும். துடைப்பம் வேண்டாம்.
5. இவை எதையும் செங்கல், மண்ணோடு கலக்காதீர்கள். எங்கே ஒப்படைப்பது என்று மாநகராட்சியிடமும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் கேளுங்கள்.

யார் பொறுப்பு?

இடிபாட்டுக் கழிவைத் தரம் பிரிக்கும் பொறுப்பு அதை உருவாக்குபவருக்கே என்றன 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள். அதாவது, 'கான்ட்ராக்டர் பார்த்துப்பார்' என்று வீட்டுக்காரர் ஒதுங்க முடியாது. தினக்கூலிக்கு வரும் தொழிலாளி முகத்தில் கட்டும் துண்டு, ஆஸ்பெஸ்டாஸ் இழையைத் தடுக்காது. அவர் கூரை மேல் ஏறும் முன் அது என்ன ஷீட் என்று சொல்லி, சரியான மாஸ்க்கும் கொடுத்துவிடுங்கள்.