வேண்டா அஞ்சலும் பேரிங் மடலும்



நான் சிறுவனாக இருந்தபோது, தபால்காரர் எப்போதாவது ஒரு மடலை நீட்டி, "பேரிங் வந்திருக்கிறது" என்பார். அனுப்பியவர் தபால் தலை ஒட்டாமல் விட்டால், குறைந்த கட்டணத்தைப்போல் இரு மடங்கைப் பெறுபவர் செலுத்த வேண்டும். என் பாட்டனார் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்; வேண்டாம் எனத் தோன்றினால் வாங்க மறுத்துவிடுவார். மறுக்கும் அந்த உரிமை எத்துணை அரியது என்பதை நான் 2001ஆம் ஆண்டில்தான் உணர்ந்தேன்.

அவ்வாண்டு மதுரை நகரில், மணிக்கு 30 ரூபாய் கட்டணம் வாங்கிய ஒரு பிரௌசிங் சென்டரில் என் அக்காள் மகனுடன் அமர்ந்திருந்தேன். வேலைக்கான நேர்காணல் அழைப்பை அவன் மின்னஞ்சலில் எதிர்பார்த்திருந்தான். தொலைபேசிக் கம்பி வழியே பக்கங்கள் மெல்ல மெல்ல விரிந்தன. கடன் தருகிறோம் என்றும், உடல் இளைக்க மருந்து என்றும், இறந்துபோன செல்வரின் பொருளில் பங்கு என்றும் முன்பின் அறியாதார் விடுத்த மடல்களே பெட்டி முழுதும் நிறைந்திருந்தன. அவற்றை அழித்து முடிக்க அரைமணி நேரம் கழிந்தது. அழைப்பு மட்டும் இல்லை. பெட்டி நிறைந்திருந்தமையால் அஃது அனுப்பியவரிடமே திரும்பிவிட்டது என்பது, நேர்காணல் நாள் கடந்த பின்னரே தெரியவந்தது. பணமும் கொடுத்தோம், வாய்ப்பையும் இழந்தோம்.

இந்த அநீதியின் வேர் யாது? அஞ்சல் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். பழைய இங்கிலாந்தில் மடலுக்குரிய கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே கொடுத்தார். 1840இல் ரோலண்டு ஹில் என்பாரின் முயற்சியால், அனுப்புபவர் முன்கூட்டியே தலை ஒட்டும் முறை அங்கே வந்தது. இந்தியாவில் 1854இல், தொலைவு எத்துணையாயினும் சிறு மடலுக்கு அரையணா என்னும் கட்டணம் ஏற்பட்டது. தபால் தலை வெறும் வருவாய்ச் சீட்டு அன்று, "இதனை எழுதத்தான் வேண்டுமா?" என்று எழுதுபவரை ஒரு கணம் எண்ணச் செய்யும் வேலி அது. மின்னஞ்சல் தோன்றியபோது அவ்வேலி இல்லாமற் போயிற்று.

1978 மே 3 அன்று, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அர்ப்பாநெட் வலைப்பின்னலில், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கேரி தூர்க், புதிய கணிப்பொறிகளைப் பற்றிய விளம்பரத்தை ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே வீச்சில் விடுத்தார். கண்டனம் எழுந்தது. 1994 ஏப்ரலில் கேன்ட்டர், சீகல் என்னும் அரிசோனா வழக்கறிஞர் இருவர், அமெரிக்கக் குடியேற்றச் சீட்டுக் குலுக்கலுக்கு உதவுவதாக யூஸ்நெட்டின் 5,000க்கு மேற்பட்ட செய்திக் குழுக்களில் விளம்பரம் இட்டனர். சினமுற்றோரின் பதில்கள் குவிந்து, அவர்களுக்கு இணைப்பளித்த நிலையத்தின் கணிப்பொறிகளே செயலிழந்தன. இவ்வகை வீச்சுகளுக்கு ஸ்பேம் என்னும் பெயர் நிலைத்தது.

1995 ஆகஸ்டு 15இல் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. இணைப்பு நேரத்துக்கும் தொலைபேசிக்கும் தனித்தனியே பணம் கட்டிய நம்மவர்க்கு, ஒவ்வொரு வேண்டா அஞ்சலும் மறுக்க முடியாத பேரிங் மடலாயிற்று.

வேண்டிய அஞ்சலின் அருமையையும் நம் வட்டாரமே கண்டது. சென்னை ஐ.ஐ.டி. முதலியவற்றின் முயற்சியால் 2001 முதல் மேலூர் வட்டத்துச் சிற்றூர்களில் இணைய நிலையங்கள் எழுந்தன. கிராமத்தாரின் கண்ணைப் படமெடுத்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பும் ஏற்பாடு அங்கே நடந்தது. அந்நிலையங்களிற் பல பின்னர் மூடப்பட்டன. எனினும் ஒரு மடல் பார்வையைக் காக்கக்கூடும் என்று அவை காட்டின. தலைமடையில் நீரை வீணடித்தால் கடைமடை காயும் என்பதைப் பெரியாற்றுப் பாசன உழவர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. மின்னஞ்சல் வாய்க்காலும் அத்தகையதே.

அறிஞர் கண்ட பரிகாரங்கள் இரண்டைக் கூறுவேன். 1992இல் சிந்தியா டுவோர்க், மோனி நாவோர் இருவரும் மின்னஞ்சலுக்கும் ஒருவகைத் தலை ஒட்டலாம் என்றனர். ஒவ்வொரு மடலுக்கும் அனுப்புபவரின் கணிப்பொறி ஒரு கணக்கைப் போட்டுத் தரவேண்டும். அதற்குப் பத்து விநாடி ஆகுமெனக் கொள்வோம்; ஒரு மடல் எழுதுபவர்க்கு அது சுமையன்று; இலட்சம் மடல் வீசுபவர்க்கோ பதினொரு நாளுக்கு மேலாகும். இம்முறை அஞ்சலிற் பரவவில்லை. பரவியது வடிகட்டும் முறையே. வேண்டும் மடலில் எச்சொற்கள் மிகுதி, வேண்டா மடலில் எவை மிகுதி என்று எண்ணி, புதிய மடல் எவ்வகையது என நிகழ்தகவால் கணிப்பது அது. 1763இல் வெளிவந்த தாமஸ் பேய்ஸின் கட்டுரையே அதற்கு வித்து. 2002இல் பால் கிரகாம் எழுதிய கட்டுரை அதனைப் பலரும் அறியச் செய்தது.

ஆயினும் வடிகட்டியும் பிழை செய்யும். நல்ல மடலையும் குப்பையில் தள்ளும். குப்பைப் பெட்டியைத் துழாவும் வேலை இன்றும் பெறுபவருடையதே. ஆதலின் மாணவர்களே, ஒரு செய்தியை நூறு பேருக்கு அனுப்ப விரல் எழும்போது, "நூறு தலை வாங்கி ஒட்டியும் இதனை அனுப்புவேனா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் அக்காள் மகன் அப்படிக் கேட்டுக்கொண்டுதான் இன்றும் மடல் விடுக்கிறான்.