தற்பெருமைக்குப் பெயரான அரசன்

ஆங்கிலத்தில் 'ரோடமான்டேட்' என்றொரு சொல் உண்டு. தன் வீரத்தைத் தானே அளந்து கொட்டும் வெற்றாரவாரப் பேச்சுக்கு அது பெயர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அம்மொழியில் வழங்கிவரும் இச்சொல், இத்தாலியில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலத்தைத் தேடிச் செல்வோமாயின், நாம் சென்று நிற்கும் இடம் ஒரு முஸ்லிம் அரசனின் பாசறை!

அவ்வரசன் பிறந்ததும் வாழ்ந்ததும் ஏட்டில்தான். 15ஆம் நூற்றாண்டில் பொயார்டோ என்னும் இத்தாலியக் கவிஞர் தம் காவியத்தில் அவனைப் படைத்தார். அல்ஜியர்ஸ் மன்னனாகிய அவனுக்கு ரோடமோன்டே என்று பெயரிட்டார். 'மலையை உருட்டுபவன்' என்று அதற்குப் பொருள் கூறுவர். அப்பெயர் மனத்தில் உதித்த மகிழ்ச்சியில் கவிஞர் ஊரின் தேவாலய மணிகளை ஒலிக்கச் செய்தார் என்றொரு கதையும் உண்டு.

அவருக்குப்பின் அரியோஸ்தோ, 1516இல் வெளிவந்த தம் 'ஒர்லாண்டோ ஃபூரியோசோ' காவியத்தில் இவனை வளர்த்தெடுத்தார். அங்கே ரோடமோன்டே தற்பெருமை பேசுகிறான், மறுப்பதற்கில்லை. ஆனால் அகழியைத் தாண்டித் தன்னந்தனியனாய்ப் பாரிஸ் நகருள் புகுந்து போரிடுபவனும் அவனே. அவன் வெறும் வாய்ச்சொல் வீரன் அல்லன். கவிஞர்கள் அளித்த ஆணவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆண்மையை விட்டுவிட்டது பிற்கால வழக்கு.

இனி, அந்தப் பாரிஸ் முற்றுகைதான் நடந்ததா? சார்லமேன் காலத்தில் எந்த முஸ்லிம் படையும் பாரிஸை முற்றுகையிட்டதில்லை. அல்ஜியர்ஸ் நகரமே அவர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 10ஆம் நூற்றாண்டில், புலுக்கீன் இப்னு ஸீரி நிறுவியதாகும். 778இல் சார்லமேன் ஸ்பெயினுக்குப் படையெடுத்துச் சென்றதும் அங்கிருந்த முஸ்லிம் ஆளுநர் ஒருவரின் அழைப்பின் பேரிலேயே. திரும்பும் வழியில் பிரனீஸ் மலைக் கணவாயில் அவருடைய பின்படையை அழித்தவர்கள் கிறித்தவர்களான பாஸ்க் மக்கள். அதில் மாண்ட ரோலந்து என்பவனே இத்தாலியக் காவியங்களின் ஒர்லாண்டோ. ஏறத்தாழ முந்நூறாண்டு கழித்து எழுந்த பிரெஞ்சு வீரகாவியம், பாஸ்க் மக்களை அகற்றிவிட்டு அவ்விடத்தில் முஸ்லிம்களை நிறுத்தியது. ரோடமோன்டே பிறந்த மரபு அதுவே.

உண்மைச் சார்லமேனோ பக்தாதின் கலீஃபா ஹாரூன் அல்-ரஷீதுடன் தூதும் பரிசும் பரிமாறிக்கொண்டவர். கலீஃபா அனுப்பிய அபுல் அப்பாஸ் என்னும் யானை, 802ஆம் ஆண்டு அவரது தலைநகரான ஆகன் வந்து சேர்ந்தது.