படம் பிடித்தலும் திருப்பணியே

குடமுழுக்கு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள், பெரும்பேறாகக் கொண்டேன். நம் தலவரலாற்றை அடியார்கள் அறிவர். ஆகவே, சிதைந்த கட்டடங்களைப் படம் பிடித்து வைப்பது பற்றி எழுதுகிறேன்.

இதில் நம் முன்னோடி கடியலூர் உருத்திரங்கண்ணனார். அகநானூறு 167ஆம் பாடலில் ஊர் கலைந்தபின் பாழான பொதியில் (ஊர்ப் பொதுமன்றம்) ஒன்றைக் காட்டுகிறார். முருங்கையை மேய்ந்த யானை முதுகை உரச, நெடிய செங்கற்சுவர் தளர்ந்து விட்டம் விழுகிறது; மாடத்தைப் புறாக்கள் துறக்கின்றன; சுவரில் எழுதிய கடவுளும் அகல்கிறார். பலி மறந்த திண்ணை மெழுகப்படாமல் கிடக்க, குட்டி ஈன்ற நாய் அங்கே திரிகிறது. கூரையில் கறையான் படர்கிறது. சுவர் ஏன் சரிந்தது என்ற காரணத்தையும் சொல்லிவிடும் இப்புலமைக்கு எந்தக் கேமரா ஈடாகும்!

பின்னாளில் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லினேயஸ் ட்ரைப் 1858இல் திருவரங்கம், திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை எனச் சுற்றிவந்தார். பெரும்பாலும் மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களிலேயே எடுத்தார். அன்று திருமலை நாயக்கர் அரண்மனை இடிபாடாய்க் கிடந்தது. ஆளுநர் நேப்பியர் காலத்துச் சீரமைப்புக்கு முந்திய அதன் தோற்றத்துக்கு அப்படங்களே சான்று.

தஞ்சைப் பெரிய கோயிலில் ட்ரைப் செய்தது என்னை மெய்சிலிர்க்க வைப்பது. தானும் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றை ஸ்ரீவிமானத்துக் கல்லிலே வெட்டப் பணித்தான் ராஜராஜன். விமானத்தின் அதிட்டானத்தில் ஓடும் அவ்வெழுத்துகளை ட்ரைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் அக்கல்வெட்டுகளைப் பதிப்பிக்கத் தொடங்கியது 1891இல்தான். படிக்க ஆள் வருமுன்பே படம் வந்துவிட்டது!

கொடை பொறித்த நம் மன்னர்கள், இவ்வறத்தைக் காப்பவர் திருவடி என் தலைமேலது என்று பல கல்வெட்டுகளை முடித்தார்கள். அந்த வணக்கம் கேமரா ஏந்தும் இளைஞருக்கும் உரியது என்று உறுதியாக நம்புகிறேன்.

இளைஞர்களே, சுற்றுவட்டாரத்தில் கைவிடப்பட்ட சத்திரங்கள், மடங்கள், மண்டபங்கள் எத்தனை! உரியவரிடம் அனுமதி பெற்றுச் செல்லுங்கள். சாரம் கட்டுமுன், சுண்ணாம்பு பூசுமுன் ஒவ்வொரு சுவரையும் எடுங்கள். தேய்ந்த எழுத்துகள் காலை மாலைச் சாய்வெயிலில் தெளிவாகத் தெரியும், உச்சிவெயிலில் எடுக்காதீர்கள். பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். ஊர், திசை, நாள் எழுதி ஒரு படியைக் கோயில் அலுவலகத்திலும் இன்னொன்றை ஊர் நூலகத்திலும் சேர்த்துவிடுங்கள்.