முடிமன்னரும் பொய்ம்முடியும்

'முடி' என்னும் சொல் தமிழில் தலைமயிரையும் குறிக்கும். அரசர் அணியும் மகுடத்தையும் குறிக்கும். மாணவர் ஒருவர் 'மன்னன் முடியிழந்தான்' என்று எழுதினால், அரசு போயிற்றா, தலை வழுக்கையாயிற்றா என்று ஆசிரியர் சற்றுத் தயங்கவேண்டியதே. மேலைநாட்டு வரலாற்றில் இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த காலம் ஒன்று உண்டு. அரசர் சிலரின் தலையில் மயிர் குறைந்தது. குடிமக்கள் பலர் தம் நல்ல மயிரை மழித்துக்கொண்டனர். இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஈண்டுக் காண்போம்.

உரோமாபுரியிலிருந்து தொடங்குவதே முறை. இன்றைய பிரான்சு நாடாகிய கால்லியாவை வென்ற ஜூலியஸ் சீசருக்குத் தம் வழுக்கையை வெல்ல இயலவில்லை. பகைவர் அதைச் சொல்லி நகைத்தனர் என்றும், அவர் உச்சியிலிருந்த மயிரை முன்னோக்கி வாரிவிட்டுக்கொள்வார் என்றும் அவர் வரலாற்றை எழுதிய சுவெட்டோனியஸ் கூறுகிறார். நம் முன்னோர் வென்றபோது வாகை சூடியதுபோல உரோமர் லாரல் இலையால் தொடுத்த கண்ணியைச் சூடுவர். அதனை எந்நாளும் தலையில் அணிந்துகொள்ளும் உரிமையைச் செனட் சபையும் மக்களும் சீசருக்கு அளித்தனர். தமக்கு வந்த எல்லாச் சிறப்புகளிலும் இதையே அவர் மிக விரும்பி ஏற்றார் என்பது சுவெட்டோனியஸின் கூற்று. இவர் சீசர் கொலையுண்டு ஏறத்தாழ 160 ஆண்டுகள் கழிந்தபின் எழுதியவர். ஆகவே ஊர்ப்பேச்சும் இதில் கலந்திருக்கலாம். எனினும் கி.மு. 44-இல் வெளிவந்த காசுகளில் சீசரின் தலை கண்ணியோடுதான் காட்சியளிக்கிறது.

கி.பி. 81 முதல் 96 வரை ஆண்ட டொமிஷியன் கதை இன்னும் சுவையானது. வழுக்கையென்று வேறு யாரையேனும் எவரேனும் கேலி செய்தால், அது தம்மையே சுட்டியதாகக் கொண்டு சினப்பாராம். தலைமயிரைப் பேணும் வகை குறித்து ஒரு சிறு நூலும் எழுதி, தம்மைப் போலவே முடியிழந்த நண்பர் ஒருவருக்கு அதனை உரிமையாக்கினார். அவருடைய சிலைகளை இன்று பார்ப்போர்க்கு இதெல்லாம் நம்பக்கூடியதாகவே இராது. கல்லில் அவருக்கு அலையலையாகச் சுருண்ட முடி! சிற்பியிடம் கருணை இருந்ததோ, அச்சம் இருந்ததோ!

இலை மறைக்காததைப் பிறர் மயிர் மறைக்கும். பொய்ம்முடி எகிப்தியர் காலத்திலிருந்தே உண்டு. ஆனால் ஐரோப்பிய அரண்மனைகளில் அது நிலைபெற்றது பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில்தான். இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்து முதுமையில் செம்பட்டை நிறப் பொய்ம்முடி அணிந்தார். அவருடைய ஆணையால் 1587 பிப்ரவரி 8-ஆம் நாள் ஃபாதரிங்கே கோட்டையில் தலையிழந்த ஸ்காட்லாந்து அரசி மேரியும் அவ்வாறே அணிந்திருந்தார். வெட்டுண்ட தலையைக் கொலையாளி மயிரைப் பற்றித் தூக்கினான். பொய்ம்முடி மட்டும் அவன் கையில் நிற்க, தலை கீழே வீழ்ந்தது. ஒட்ட வெட்டப்பட்டு முற்றும் நரைத்திருந்த உண்மை முடியை அங்கிருந்தோர் அனைவரும் கண்டனர். மேரிக்கு அப்பொழுது வயது 44. ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்த ஒரு பெண் கடைசி நாள்வரை காத்த மறைவு அது. அதைப் படிக்கும்போது, பொய்ம்முடி என்பது வெறும் பகட்டு என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை.

ஆடவரிடையே இவ்வழக்கத்தைப் பரப்பியதில் பெரும்பங்கு பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயியைச் சாரும். 1601-இல் பிறந்த அவருக்கு இளமையிலேயே முடி உதிரத் தொடங்கிற்று. இருபது வயது கடந்த சில ஆண்டுகளிலேயே அவர் பொய்ம்முடி அணியலானார். மன்னர் அணிந்தபின் அவையோர் வெறுந்தலையோடு நிற்பரோ? அவர் மகன் பதினான்காம் லூயிக்கு இளமையில் அடர்ந்த முடி இருந்தது. அதுவும் குறைந்தபின், தந்தையினும் பெரிதாகத் தோளும் மார்பும் மறையும் அளவுக்குச் சுருள் சுருளாகத் தொங்கும் முடிகளை அணிந்தார். வேளைக்கு ஒன்று, வேட்டைக்கு ஒன்று என வகைகள் பெருகின. பொய்ம்முடி செய்வோர் தனித் தொழிலாளராக, தனிச் சங்கமாக உயர்ந்தனர்.

பேன் தொல்லையும் இவ்வழக்கம் பரவ ஒரு காரணம் என்பர். சொந்தத் தலையை மழித்துவிட்டால் பேன் பார்க்கும் வேலை பொய்ம்முடி செய்பவனைச் சேரும் அல்லவா?

இங்கிலாந்தில் இவ்வழக்கம் நுழைந்த நாட்களை நாம் கண்ணால் காண்பதுபோல் அறிய முடிகிறது. கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ் என்பவர் 1660 முதல் 1669 வரை எழுதிவைத்த நாட்குறிப்பே அதற்குக் காரணம். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தோர் இத்தகைய நூல்களின் அருமையை அறிவர். 1663 நவம்பர் 2-ஆம் நாள், அரசரின் தம்பி யார்க்குக் கோமகன் பொய்ம்முடி அணியப் போவதாகச் சொல்லக் கேட்டார் பீப்ஸ். அரசரும் அணிவார் என்று பேச்சு. அரசரின் தலை பெரிதும் நரைத்திருப்பதை அன்றுதான் தாம் கவனித்ததாகவும் எழுதுகிறார்.

அந்த அரசர் இரண்டாம் சார்லஸ். வயது 33. தந்தை முதலாம் சார்லஸ் 1649-இல் வெட்டுண்டபோது மைந்தருக்கு வயது 18. பின்னர்த் தோல்வி, தலைமறைவு, அயல்நாட்டில் கடன்பட்ட வாழ்க்கை; 1660-இல்தான் அரியணை. பிசிராந்தையாரை நோக்கி, இத்துணை வயதாகியும் தலை நரைக்காதது எவ்வாறு என்று கேட்டோர்க்கு அவர் தந்த விடையைப் புறநானூறு கற்றோர் அறிவர். நல்ல குடும்பம், குறிப்பறியும் ஏவலர், நெறி தவறாத அரசன், சான்றோர் நிறைந்த ஊர் என்பன அவர் கூறிய காரணங்கள். சார்லஸுக்கு இவற்றுள் எது வாய்த்தது? மருத்துவர் இவ்வாறு கணக்கிடமாட்டார். இளநரைக்கு மரபுவழியே முதன்மையான காரணம் என்பர். மயிர்க்காலில் நிறத்தை ஆக்கும் அணுக்கள் ஓய்ந்துவிட்டால் பின்பு முளைப்பது வெண்மயிராகவே முளைக்கும். எனினும் பிசிராந்தையாரின் கணக்கே என் மனத்துக்கு நெருங்கியதாயிருக்கிறது.

மறுநாளே பீப்ஸ் தம் தலையை மழித்துக்கொண்டு, மூன்று பவுன் விலையுள்ள பொய்ம்முடியை அணிந்தார். அவருக்கு வயது 30, வழுக்கையும் இல்லை. வீட்டுப் பணிப்பெண்களை அழைத்துக் காட்டினார். நன்றாயிருக்கிறது என்றனர். ஆனால் ஜேன் என்னும் பணிப்பெண், ஐயா சொந்த முடியைக் களைந்துவிட்டாரே என்று மிக வருந்தினாளாம். அடுத்த ஞாயிறன்று கோவிலுக்குச் சென்றார். எல்லார் கண்ணும் தம்மேல் படும் என்று எண்ணினார். ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. புதுச் சட்டை அணிந்து பள்ளிக்குச் சென்ற நம் எல்லார்க்கும் இவ்வனுபவம் உண்டு.

அம்முடி யாருடையது? அரசர் தலையைப் பற்றி விரித்துரைக்கும் நூல்கள் இதைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. மயிர் வாங்குவோர் சிற்றூர்தோறும் சென்று ஏழைப் பெண்களின் கூந்தலை விலைக்குக் கொண்டனர். அவர்களுடைய பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் ஒரு முறை மட்டும் செல்வருக்கு அந்தக் கேள்வி அச்சத்தோடு எழுந்தது. 1665-இல் இலண்டனைக் கொள்ளைநோய் சூறையாடியது. பீப்ஸ் வாங்கிய புதிய பொய்ம்முடி பெட்டியிலேயே கிடந்தது. வாங்கிய இடத்தில் அப்பொழுது நோய் இருந்தமையால் அணிய அஞ்சினார். நோயால் மாண்டவர் தலையிலிருந்து வெட்டியதாயிருக்குமோ என்று இனி எவரும் மயிர் வாங்கத் துணியார். ஆகையால் நோய் தணிந்தபின் இவ்வழக்கம் என்னாகுமோ என்று செப்டம்பர் 3-ஆம் நாள் எழுதுகிறார். வழக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நோய் தணிந்தது, அச்சமும் தணிந்தது, மயிர் வணிகம் தொடர்ந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு விந்தை நேர்ந்தது. பொய்ம்முடிமேல் வெண்மாவு தூவுவது நாகரிகமாயிற்று. நரையை மறைக்க வந்த முடியையே நரைத்ததாகக் காட்டினர்! இருபது வயது இளைஞனும் எழுபது வயது முதியவனும் அவையில் ஒரே வெண்தலையோடு நின்றனர். அம்மாவு பெரும்பாலும் கோதுமையிலிருந்து எடுத்த கஞ்சிமாவு. தூவியவர்க்கு அது அழகு. பார்த்திருந்த ஏழைக்கு அது உணவு.

வழக்கம் தேயத் தொடங்கியதும் தொழிலாளர் தவித்தனர். 1765-இல் இலண்டன் பொய்ம்முடித் தொழிலாளர், பெருமக்கள் சொந்த முடியோடு திரியத் தொடங்கிவிட்டமையால் தம் பிழைப்புக் கெட்டது என்று மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் விண்ணப்பம் கொடுக்க ஊர்வலமாகச் சென்றனர். ஊர்வலத்தில் வந்தோர் பலர் தாமே பொய்ம்முடி அணியாதிருந்ததைத் தெருவிலிருந்தோர் கண்டுகொண்டனர். பிறர் அணியவேண்டுமென்று கேட்பவர் தாம் அணியவில்லையே என்று சினந்து, அவர்களைப் பிடித்து அவர்கள் மயிரை வலுக்கட்டாயமாக வெட்டிவிட்டனர். சிரிப்புக்குரிய நிகழ்ச்சிதான், ஆயினும் வேலையும் போய், முடியும் போய் வீடு திரும்பியவரின் நிலையை எண்ணினால் முழுதும் சிரிக்க முடிவதில்லை.

1795-இல் தலைமைச்சர் பிட்டு, தலைக்கு மாவு தூவுவோர் ஆண்டுக்கு ஒரு கினி வரி செலுத்தவேண்டும் என்று சட்டம் செய்தார். போருக்குப் பணம் தேவைப்பட்டது. அவ்வாண்டு ரொட்டி விலை உயர்ந்து பல ஊர்களில் கலகமும் மூண்டிருந்தது. வரி கொடுத்தவரைக் 'கினிப்பன்றிகள்' என்று மக்கள் பழித்தனர். பெட்ஃபர்டுக் கோமகனும் நண்பரும் வரிக்கு எதிர்ப்பாகத் தம் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டனர். சில ஆண்டுகளில் வெண்மாவும் பொய்ம்முடியும் பொதுவாழ்வைவிட்டு நீங்கின.

நீதிமன்றத்தில் மட்டும் அவை தங்கிவிட்டன. 1822-இல் ஹம்ஃப்ரி ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் மாவும் சுருளும் வேண்டாத குதிரைமயிர்ப் பொய்ம்முடிக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் உரிமையியல், குடும்ப வழக்கு மன்றங்களில் நீதிபதிகள் 2008-இல் அதைக் கைவிட்டனர். குற்றவழக்கு மன்றங்களில் இன்னும் இருக்கிறது. அடர்ந்த கருமுடியுடைய இளம் வழக்கறிஞர் ஒருவர் வழக்காட எழுமுன், தம் முடியின்மேல் அந்த வெளிறிய குதிரைமயிரை எடுத்து வைத்துக்கொள்கிறார்.