நின்றபடி ஒரு தட்டு சொபா

“நின்னுக்கிட்டேயா சாப்பிடறே?” என்று போனில் அம்மா கேட்கும்போதெல்லாம் என் பதில் நீண்டுவிடுகிறது. டோக்கியோவில் கன்டா ஸ்டேஷன் ரயில் பாலத்துக்கு அடியில், எட்டுப் பேர் தோளோடு தோள் நின்றால் நிறைந்துவிடும் கடை. மெஷினில் சில நூறு யென் போட்டுச் சீட்டை நீட்டினால், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதற்குள் சொபா வந்துவிடும். பக்வீட் மாவில் இழை இழையாகச் செய்த நூடுல்ஸ்.

இந்த ஊர் இப்படிச் சாப்பிட்டு வளர்ந்ததுதான். டோக்கியோ அப்போது எடோ. 1657-இல் பெருந்தீ ஊரை அழித்தது. மறுபடி கட்டுவதற்குத் தச்சர்களும் கொத்தர்களும் கூலியாட்களும் வந்து குவிந்தார்கள். பெரும்பாலும் தனி ஆண்கள், இடுங்கிய அறை. அவர்களுக்கு யார் சமைத்துப் போடுவது? காவடி போல ஒரு தோள்சுமை. ஒரு பக்கப் பெட்டியில் அடுப்பு, மறுபக்கம் கிண்ணங்கள். இரவுத் தெருவில் சொபாக்காரர் வந்து நிற்பார். தீக்குப் பயந்து 1686-இல் அரசு அடுப்போடு தெருவில் விற்பதைத் தடை செய்தது. பசி அந்த உத்தரவுக்கு அடங்கவில்லை.

ஒரு கிண்ணம் 16 மொன் காசு. வெகுகாலம் அந்த விலையே நின்றதால் கதையிலும் ஏறிவிட்டது. ‘தொக்கிசொபா’ என்ற ராக்குகோ கதையில் (ஒருவரே உட்கார்ந்து சொல்லும் நகைச்சுவைக் கதை), ஒருவன் காசை எட்டு வரை எண்ணிவிட்டு “மணி என்ன?” என்பான். கடைக்காரர் “ஒன்பது” என்றதும் பத்திலிருந்து தொடர்வான். ஒரு காசு மிச்சம். அதைப் பார்த்திருந்தவன் மறுநாள் சீக்கிரமே வந்து கேட்கிறான், பதில் “நான்கு”. ஐந்திலிருந்து எண்ணிக் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரு காசுக்குக் கணக்குப் பார்த்த வயிறுகள்தான் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கும்.

தீட்டிய வெள்ளைச் சோறே தின்ற எடோவாசிகளைப் பெரிபெரி பிடித்தது. ‘எடோ நோய்’ என்றே பெயர். தீட்டிய அரிசியில் மிகக் குறைவாகவே இருக்கும் பி1 வைட்டமின் சொபாவில் உண்டு. வேகும்போது கொஞ்சம் நீரிலும் இறங்கும். வைட்டமின் என்ற பேச்சே இல்லாத காலத்திலேயே அந்த நீரைக் குடிக்கும் வழக்கம் வந்துவிட்டது.

கோடையில் நான் குளிர்ந்த சொபாதான் வாங்குவேன். மூங்கில் தட்டு காலியானதும், பக்கத்தில் நிற்கும் பெரியவர் தன் கோப்பையில் மிஞ்சிய சாற்றில் கலங்கலான அந்த வெந்நீரை ஊற்றிக்கொண்டு, கெட்டிலை என் பக்கம் நகர்த்துகிறார்.