பள்ளித் தோம்பும் சீதன உறுதியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே அமைந்த மயிலிட்டி மீன்பிடித் துறையாற் பெயர்பெற்ற ஊர். பதினேழாம் நூற்றாண்டில் அவ்வூரின் பெயர் வேறொரு காரணத்தால் ஐரோப்பிய நூலொன்றில் இடம்பெற்றது. ஒல்லாந்தப் பாதிரியாராகிய பிலிப்பஸ் பல்தேயஸ் 1672ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வலிகாமத்துக் கோவிற்பற்றுக்களைக் கூறுமிடத்துத் தெல்லிப்பழை, மல்லாகம், அச்சுவேலி, உடுவில் முதலியவற்றோடு மயிலிட்டியையும் குறித்துள்ளார். கோவிற்பற்றுத் தோறும் தேவாலயத்தோடு பள்ளியும் நடைபெற்றது.

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளையும் இப்பள்ளிகளுக்கு அழைத்தனர். அழைத்தனர் என்பது மென்மையான சொல். வராத பிள்ளைக்காகப் பெற்றோர் தண்டம் இறுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் செபங்களையும் ஞானோபதேச வினாவிடையையும் மனனஞ் செய்தனர். உபாத்தியாயரின் கையிலிருந்த பள்ளித் தோம்பு வெறும் மாணாக்கர் இடாப்பு அன்று. ஞானஸ்நானமும் விவாகமும் அதன்கண் பதியப்பெற்றன. செபம் ஒப்புவிக்க இயலாதவர்க்கு விவாகப் பதிவு எளிதிற் கிட்டாது. பதிவில்லாத மணத்திற் பிறந்த பிள்ளைக்கு முதுசொத்தில் வில்லங்கம் நேரும். ஆதலால் மனத்தாற் சைவராயிருந்தோரும் செபத்தை மனனஞ் செய்து தம் பெயரைத் தோம்பில் ஏற்றினர். தமக்கென வகுத்த ஒழுக்கத்தைப் பிறர்க்குப் புகட்ட விரும்பியவர்கள் மணவறை வாயிலிலே காத்துநின்றது யாழ்ப்பாணத்தில் இதுவே முதன்முறை அன்றாயினும், எழுத்தில் நன்கு பதிவான முறை இதுவே.

பள்ளி சிறுவர்க்குக் கற்பித்ததைச் சட்டம் பெரியோர்க்குக் கற்பித்தது. ஆளுநர் சைமன்ஸ் 1706இல் பிறப்பித்த ஆணைப்படி, முப்பத்தேழு ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து பழகிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் நாட்டு வழக்கங்களைத் திரட்டி, 1707 சனவரியில் எழுதி முடித்தார். அதுவே தேசவழமை. அதன் தமிழ் மொழிபெயர்ப்பைப் பன்னிரு முதலியார்கள் படித்துச் சரியென ஒப்பினர். பெண்களின் சொத்தைப் பற்றி மிகுதியும் பேசும் அந்நூலைச் சரிபார்த்தவர்களுள் பெண் ஒருத்தியும் இல்லை. ஆயினும் அந்நூல் காட்டும் பழைய வழக்கத்தில் ஒரு நேர்மை உண்டு. தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கு; தாயின் சீதனம் பெண்மக்களுக்கு. காணியும் வீடும் தாய்வழியே மகளிடம் சென்றன. சொத்து அவளுடையது, அதனை ஆளும் கை கணவனுடையது.

பிரித்தானியர் ஆட்சியில் அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டனர். மயிலிட்டிக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள உடுவிலில், 1824ஆம் ஆண்டு ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்களுக்கென உணவும் உறையுளும் உள்ள பாடசாலையைத் தொடங்கினார். பக்குவமடைந்த பெண்ணை வீட்டினுள் நிறுத்தும் வழக்கம் மேலோங்கியிருந்த நாட்டில் அது துணிகரமான முயற்சி. அதன் நோக்கமோ அத்துணைத் துணிகரமானதன்று. வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற கிறித்தவ இளைஞர்க்குத் தகுந்த மனைவியரை உருவாக்குதல் அதன் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று. பெற்றோரை இணங்கச் செய்தற்கு மிஷன் கண்ட வழி யாது? படிப்பை முடித்துக் கிறித்தவனை மணக்கும் மாணவிக்குச் சீதனம் கொடுத்தது! சீதனத்தை ஒழிக்க வந்தவர்கள் அல்லர் அவர்கள்.

1840 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அப்பாடசாலையை நடத்தியவர் எலிசா அக்னியூ அம்மையார். மனைவியர்க்குரிய நற்குணங்களை எத்தனையோ பெண்களுக்குப் போதித்த அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அதே காலத்தில் அவருக்கு எதிரணியில் நின்ற ஆறுமுக நாவலரும் பிரமசாரியே. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நாவலர், பாலபாடங்களின் வாயிலாகக் கொலை, களவு, கள்ளுண்ணல், வியபிசாரம் முதலியவற்றின் கேட்டைச் சிறுவர்க்கு விளக்கினார். பிறர்மனை நாடும் ஆடவனைக் கண்டிப்பதில் அவர் தளர்வு காட்டவில்லை. எனினும் அவரது பாடசாலைத் திண்ணை ஆண்பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது.

சைவப் பெண்களுக்கான பெருங் கல்லூரியை 1913இல் மருதனார்மடத்தில் நிறுவியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவரே, பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் எதிர்த்தார். படித்த பெண் வேண்டும், வாக்களிக்கும் பெண் வேண்டா என்பது அவர் கொள்கை. 1931இல் வாக்குரிமை வந்தேவிட்டது. அடுத்த ஆண்டில் நேசம் சரவணமுத்து என்னும் அம்மையார் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். உடுவிலிற் கற்ற மங்களநாயகம் தம்பையா அதற்கும் முன்னரே, 1914இல், இல்லறத்தில் இன்னலுற்ற மனைவியொருத்தியைப் பற்றிய ‘நொறுங்குண்ட இருதயம்’ என்னும் நாவலை வெளியிட்டிருந்தார். பாடசாலை எதிர்பாராத விளைச்சல் அது.

சட்டம் அவ்வளவு விரைந்து நடக்கவில்லை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதத்தை வேண்டியது. 1923இல் இலங்கைப் பெண்கள் பலரை அத்தகைய கட்டிலிருந்து விடுவித்த சட்டம், தேசவழமைக்கு உட்பட்ட தமிழ்ப் பெண்களை விலக்கிவைத்தது.

1990 சூன் மாதத்தில் போரினால் மயிலிட்டி மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். துறைமுகமும் அதைச் சூழ்ந்த ஐம்பத்துநான்கு ஏக்கர் நிலமும் 2017 சூலை 3ஆம் நாள் விடுவிக்கப்பட்டன. இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், காடு மண்டிய வளவுகளில் எல்லை தேட வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்து வளவுகளுட் பல சீதன உறுதியால் மகளிர் பெயரில் உள்ளவை. அவற்றை விற்கவோ ஈடுவைக்கவோ விரும்பிய மனைவிக்கு அப்பொழுதும் 1911ஆம் ஆண்டின் விதியே நடைமுறையில் இருந்தது. கணவன் கைவிட்டவிடத்தும், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தவிடத்தும், அவன் இருக்குமிடம் தெரியாதவிடத்தும் அவள் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கோரலாம் என்று அச்சட்டத்தின் எட்டாம் பிரிவு கூறியது.