பாறை ஓவிய விலங்குகளும் உள்ளுறையும்: பாலக்காட்டுக் கணவாய், அஞ்சுநாட்டுப் பகுதிகளை முன்வைத்து

முன்னுரை

ஆனைமலைத் தொடரின் வடபால் பாலக்காட்டுக் கணவாயும் தென்பால் இடுக்கி மாவட்டத்து அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கும் அமைந்துள்ளன. கணவாயின் கிழக்கு வாயிலை ஒட்டிய கோவை மாவட்டக் குமிட்டிபதியிலும், அஞ்சுநாட்டு மறையூரிலும் தொன்மையான பாறை ஓவியங்கள் உள்ளன. இரண்டிடத்தும் மனித உருவங்களோடு விலங்குருவங்களும் இடம்பெறுகின்றன. இவ்விலங்குகள் எவ்வுணர்வின் குறியீடுகள் என்னும் வினா எழும்போது, சங்கப் பாடல்களைக் கொண்டு விடை காணும் விருப்பம் தமிழாய்வாளர்க்கு இயல்பாகவே தோன்றும். அம்முறையின் பயன் யாது, எல்லை யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓவியங்களின் இயல்பு

குமிட்டிபதி ஓவியங்கள் வெண்ணிறத்தால் ஆனவை. அவற்றுள் யானை உருவம் குறிப்பிடத்தக்கது. மறையூர்ப் பகுதியில் அட்டளை, எழுத்துக் குகை, கோவில்கடவு, மணளை ஆகிய இடங்களில் ஓவியங்கள் அறியப்பட்டுள்ளன. எழுத்துக் குகையில் மட்டும் 90-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் உள்ளன. 'எழுது' என்னும் வினை வரைதலையும் குறிக்கும் பழந்தமிழ் வழக்கு இவ்விடப்பெயரில் நிலைத்திருப்பது மொழியாய்வாளர் கருதத்தக்கது. அட்டளையில் செங்காவி உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்பட்டுள்ளன. ஒரே பாறையைப் பலர், ஒருவேளை பல தலைமுறையினர், மீண்டும் மீண்டும் நாடி வந்தனர் என்பதற்கு இம்மேற்படிவு சான்றாகும்.

காலக்கணிப்பில் எச்சரிக்கை வேண்டும். செங்காவி இரும்பு ஆக்சைடால் ஆனது. வெண்களிமண்ணும் கனிமப் பொருளே. இவற்றில் கரிமப் பொருள் கலந்திருந்தாலன்றிக் கரிமக் காலக்கணிப்பை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. மறையூரில் மக்கள் 'முனியறை' என வழங்கும் கற்திட்டைகள் மிகுதி. அவை அருகில் இருப்பதனாலேயே ஓவியங்களையும் அதே மக்கள் வரைந்தனர் எனத் துணிதல் பொருந்தாது.

சங்க மரபில் விலங்கும் உணர்வும்

தொல்காப்பியம் விலங்கைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைக்கிறது. தெய்வம் ஒழிந்த பிற கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு உள்ளுறை உவமம் பிறக்கும் என்பது அதன் கோட்பாடு. குறுந்தொகை 37-ஆம் பாடலில் பாலை பாடிய பெருங்கடுங்கோ, பிடியின் பசி தீர்க்க யா மரத்தின் பட்டையை உரிக்கும் களிற்றைக் காட்டுகிறார். பொருள்தேடச் சென்ற தலைவன் அக்காட்சியைக் கண்டு அன்பால் மீள்வான் என்பது தோழியின் ஆற்றுவிப்பு. குறுந்தொகை 69-இல் கடுந்தோட் கரவீரன், ஆண்குரங்கு இறந்தபின் தன் குட்டியைச் சுற்றத்திடம் விட்டு மலையினின்று பாய்ந்து உயிர்விடும் மந்தியைப் பாடுகிறார். இரவில் வாராதே எனத் தலைவனிடம் கூறும் தோழியின் சொல்லில் அம்மந்தி தலைவியின் நிலையை உணர்த்துகிறது.

இவ்விரு பாடல்களிலும் விலங்கின் பெயர் மட்டும் உணர்வைத் தந்துவிடவில்லை. விலங்கின் செயல், அது நிகழும் நிலம், கூறுவோர், கேட்போர், கூற்று நிகழும் சூழல் ஆகிய ஐந்தும் கூடும்போதே பொருள் பிறக்கிறது. கூற்றை மாற்றினால் அதே களிறு வேறோர் உணர்வைச் சுட்டக்கூடும்.

குறியீடும் அதன் திறவுகோலும்

இதனை ஐரோப்பிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றோடு ஒப்பிடலாம். செர்மானிய ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் 1913-இல் 'விலங்குகளின் விதி' என்னும் ஓவியத்தை வரைந்தார். சாயும் மரங்களிடையே நீலநிற மான் ஒன்று தலையை மேலே உயர்த்தி நிற்கிறது. நீலம் ஆண்மையும் ஆன்மிகமும் சார்ந்தது, மஞ்சள் மென்மையும் பெண்மையும் சார்ந்தது, சிவப்பு கனமான பருப்பொருள் சார்ந்தது என 1910-இல் தம் நண்பர் ஔகுஸ்ட் மாக்கேக்கு அவர் கடிதம் எழுதியிருந்தார். அக்கடிதம் எஞ்சியமையால் அம்மானின் நிறத்தைப் பொருளறிந்து நோக்க முடிகிறது. சங்கப் பாடலுக்குத் திணை, துறைக் குறிப்புகளும் தொல்காப்பியமும் இளம்பூரணர், நச்சினார்க்கினியர் முதலியோர் உரைகளும் அவ்வாறே திறவுகோலாக உள்ளன. குமிட்டிபதி யானைக்கு அத்தகைய திறவுகோல் எதுவும் கிடைத்திலது.

திறவுகோல் இன்றிப் பொருள் கூறுவதன் இடர்ப்பாட்டை உலகப் பாறை ஓவிய ஆய்வு வரலாறு காட்டுகிறது. வேட்டை வெற்றிக்கான மந்திரமே குகை ஓவியம் என்னும் விளக்கம் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஆனால் 1940-இல் கண்டறியப்பட்ட பிரான்சின் லாஸ்கோ குகையில் உணவெச்ச எலும்புகளுள் பெரும்பாலானவை கலைமானுடையவை. சுவரிலோ குதிரையும் காட்டெருதும் மிகுதி, கலைமான் மிக அரிது. உண்ட விலங்கும் வரைந்த விலங்கும் வெவ்வேறாக இருந்தன என்பது இதனால் புலனாகிறது. ஒரு விளக்கம் எளிதாகப் பொருந்துவதாலேயே உண்மையாகிவிடாது.

சங்க இலக்கியம் தரும் துணை

அவ்வாறாயின் இப்பாறைகளின்முன் சங்க இலக்கியத்திற்கு இடமில்லையா என வினவலாம். இடமுண்டு. பொருளைத் தருவதைக் காட்டிலும் நோக்கும் முறையைத் தருவதில் அது பெருந்துணையாகும். விலங்கு நிற்கிறதா, ஓடுகிறதா. தனித்துள்ளதா, இணையோடு உள்ளதா. மனித உருவம் அதன்மேல் உள்ளதா, எதிரில் உள்ளதா. பாறை எத்திசை நோக்கியது, அங்கிருந்து நீர்நிலை தெரிகிறதா ஆகிய வினாக்கள் முதற்பொருளையும் கருப்பொருளையும் பயின்றவர்க்கு எளிதில் தோன்றுவன. யானைமேல் மனிதன் அமர்ந்த உருவமும் யானை தனித்து நிற்கும் உருவமும் ஒரே உணர்வைத் தாரா. இவ்வேறுபாடுகளைப் பதிவு செய்தபின்னரே குறியீடு பற்றிய உரையாடல் தொடங்க இயலும்.

இப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று. எழுத்துக் குகை ஓவியங்களுள் பல, வருவோர் கிறுக்கல்களால் சிதைந்துள்ளன. குமிட்டிபதி தமிழ்நாட்டிலும் மறையூர் கேரளத்திலும் அமைந்தமையால் ஒரே மலைத்தொடரின் ஓவியங்கள் இருவேறு ஆய்வு மரபுகளுக்குள் பிரிந்து கிடக்கின்றன. தமிழ், மலையாளத் துறைகள் இணைந்து ஒரே முறையில் தயாரிக்கும் உருவப்பட்டியல் இதற்குத் தீர்வாக அமையும்.

முடிவுரை

பாறை ஓவிய விலங்குகள் உணர்வுக் குறியீடுகளாக இருந்திருக்கக்கூடும். எனினும் அவ்வுணர்வு இன்னதெனச் சங்கப் பாடலைக் கொண்டு நேரடியாக உறுதிசெய்ய இயலாது. மார்க் 1916-இல் போரில் இறந்தபின் அவருடைய அவ்வோவியத்தின் வலப்பகுதி தீயில் சிதைந்தது. நண்பர் பால் க்ளே அதனைச் சீர்செய்தபோது, சேர்த்த பகுதி பழுப்புச் சாயலால் தனித்துத் தெரியுமாறு விட்டார். பாறை ஓவியங்களுக்கு நாம் கூறும் விளக்கமும் மூலத்தோடு மயங்காமல், நம்முடையது எனத் தெரியும்படி நிற்றல் வேண்டும். பாறையில் உள்ளது இது, நாம் கருதுவது இது எனப் பிரித்துரைக்கும் ஆய்வே பின்வருவோர்க்குப் பயன்படும்.